பவானிபூர் மொட்டைமாடியில் இஸ்லாம்: ஓர் அறிமுகம்

மீன் கடையில் பேரம் பேசத் தெரிந்துவிட்டால் அந்த மொழியே கைவசமாகிவிட்டது என்று நம்புகிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கொல்கத்தாவில் அந்த ஆள் நான்.

என் கணவருக்குக் கார்டன் ரீச்சில் மத்திய அரசு வேலை. திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த புதிதில் வீடு கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. போனில் 'சவுத் இண்டியன்' என்றதும் மகிழ்ந்த வீட்டுக்காரர்கள், பெயரைக் கேட்டதும் தங்கை மகனுக்கு அந்த வீடு தேவைப்படுவதை நினைவுகூர்ந்தார்கள். (கொல்கத்தாவில் இத்தனை தங்கை மகன்கள் வீடில்லாமல் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.) கடைசியில் பவானிபூரில் நந்தி பாபு என்பவர் தன் மூன்றாம் மாடி ஃபிளாட்டைப் பதினோரு மாத ஒப்பந்தத்தில் கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் எதையும் நாலு பேரைக் கேட்டு முடிவு செய்பவர்.

அந்த நாலு பேரில் முக்கியமானவர் சுதபா தி. ('தி' என்றால் அக்கா.) எங்களுக்கு நேர் கீழ்வீடு. மேடையில் வங்காளக் கவிதைகளை ஒப்புவிப்பது அவர் கலை. சிலிண்டர் காலி என்று போனில் சொல்வதைக்கூட ஏற்ற இறக்கத்தோடு, நெஞ்சில் கை வைத்துச் சொல்வார். எங்களுக்கு வீடு கொடுப்பதற்கு முன் "நல்லா யோசிச்சீங்களா?" என்று நந்தி பாபுவிடம் கேட்டவர் அவர். ரமலான் மாதத்தில் விடிவதற்கு முன் எங்கள் குக்கர் விசிலடிக்கிறது என்று கட்டிடச் சங்கச் செயலாளர் தபன் தாவிடம் ('தா' என்றால் அண்ணன்) புகார் சொன்னவரும் அவர்.

துர்கா பூஜை முடிந்ததும் இங்கே பிஜயா என்று ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வாழ்த்துச் சொல்லி இனிப்புச் சாப்பிடுவார்கள். எங்கள் கட்டிடத்தில் அதை மொத்தமாக ஒரு மாலை மொட்டைமாடியில் வைத்துக்கொள்வது வழக்கம். பாட்டு, கவிதை, இனிப்பு. அதற்கு முந்தின வாரம் தபன் தா வீட்டுக்கு வந்தார்.

"பௌதி, உங்களைப் பத்தி ஆளாளுக்கு என்கிட்ட வந்து கேக்கறாங்க. ஏன் அஞ்சு வேளை தொழணும், ஏன் பட்டினி கிடக்கணும்னு. எனக்கு என்ன தெரியும்? நீங்களே பத்து நிமிஷம் பேசிடுங்க. ஆரம்பப் பாடம் மாதிரி. இந்தியில பேசினா போதும்" என்றார். (பௌதி என்றால் அண்ணி.)

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்று காலைதான் மீன்காரர் என்னிடம், "தீதி, உங்க பாங்ளா ரொம்ப அழகு" என்று என் வங்காளத்தைப் புகழ்ந்திருந்தார். (அதைச் சொல்லிவிட்டு ரூய் மீனில் வால் துண்டாகப் பார்த்துப் போட்டிருந்தார். அதை நான் வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்.)

"இந்தி எதுக்கு தாதா? பாங்ளாவிலேயே பேசறேன்" என்றேன்.

தபன் தா போன பிறகு என் கணவர் கவலையோடு வந்தார். "நீ சும்மா இந்தியிலேயே பேசு, ஜரீனா. அடுத்த மாசம் அக்ரிமென்ட் முடியுது. நந்தி பாபு முன் வரிசையிலதான் இருப்பாரு."

"அதுக்குத்தான் பாங்ளாவுல பேசப் போறேன். அவங்க பாஷையில பேசினா மனசு இளகும்."

"இளகினா சரி" என்றார்.

எனக்கு வங்காள எழுத்து தெரியாது. போனில் மொழிபெயர்த்து, அது சொல்வதைக் காதால் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். நம் தமிழில் ஒரே ஒரு 'ப'. ஒரே ஒரு 'த'. வங்காளத்தில் அவை ஒவ்வொன்றும் நாலு உருப்படியுள்ள குடும்பங்கள். இந்தக் குடும்ப விவகாரத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பக்கம் நிரம்பியதும் பெருமையாக மேசையில் வைத்தேன். என் கணவர் எடுத்துப் பார்த்தார்.

"என்னது இது? வரிக்கு வரி பொய், பொய்னு எழுதி வச்சிருக்கே?"

"அது புத்தகம்ங்க. பாங்ளாவுல புத்தகத்துக்கு அதான் பேரு. வேதத்தைப் பத்திச் சொல்றேன்."

"அல்லாஹ் காப்பாத்தணும்" என்று காகிதத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

அன்று மாலை பட்டுச்சேலை கட்டி, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றேன். பக்கத்து மேசையில் இனிப்புத் தட்டுகள் மூடி வைக்கப்பட்டிருந்தன. முன் வரிசையில் நந்தி பாபு, அவர் மனைவி, சுதபா தி. கடைசி வரிசையில் என் கணவரும் எங்கள் மகள் ஆஃப்ரினும். அவளுக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் வங்காளம் பிடித்துக்கொண்டவள். ஒத்திகை பார்க்கலாம் என்று அவள் கூப்பிட்டபோது, "எனக்குத் தெரியும்" என்று சொல்லியிருந்தேன்.

முதல் பகுதி நன்றாகவே போயிற்று. இறைவன் ஒருவன், அவனுக்கு இணை இல்லை, உருவம் இல்லை, அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவுமில்லை. 'ஒன்று' என்ற சொல்லை மட்டும் எந்த வாயாலும் கெடுக்க முடியாது போலும். நந்தி பாபு தலையாட்டினார். எனக்குத் தைரியம் வந்தது. தைரியம் வந்ததும் குரல் ஏறியது.

அடுத்தது வேதம். புத்தகம் என்பதற்கான சொல்லில் காற்றை அடக்கி 'ப'வை மெதுவாகச் சொல்ல வேண்டும். மூச்சு விட்டு அழுத்தினால் பயம் என்று பொருளாகிவிடும். மேடையில் எனக்கு மூச்சு தாராளமாக வந்தது. ஆக, இறைவன் காலம்தோறும் நபிமார்கள் மூலம் மனிதர்களுக்குப் பயத்தை அனுப்பினான் என்றேன். எங்கள் வீட்டில் பயத்தை உயரமான இடத்தில், சுத்தமான துணியில் சுற்றி வைத்திருக்கிறோம் என்றேன். என் மகளும் தினமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓதி வருகிறாள் என்றேன். எல்லோரும் திரும்பி ஆஃப்ரினைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு ஜகாத். கொடைக்கு வங்காளத்தில் ஒரு 'தான்', நெல்லுக்கு இன்னொரு 'தான்'. இதிலும் வித்தியாசம் மூச்சுதான். வசதியுள்ளவர்கள் ஆண்டுதோறும் ஏழைகளுக்கு நெல் கொடுத்தாக வேண்டும், அது ஏழையின் உரிமை, நாம் காட்டும் தயவல்ல என்று விளக்கினேன். வலது கை கொடுக்கும் நெல் இடது கைக்குத் தெரியக்கூடாது என்றேன். மாடியில் இருந்தவர்கள் மூட்டைகளை மனதில் தூக்கிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள்.

நந்தி பாபு மரியாதையாகக் கை தூக்கினார். "கொல்கத்தாவில நெல்லுக்கு எங்கே போவீங்க, பௌதி?"

அதில் 'தான்', 'எங்கே' என்ற இரண்டு சொற்கள்தான் எனக்குப் பிடிபட்டன. "எங்கேயும் போக வேண்டாம். முதல்ல ஏழைச் சொந்தக்காரங்க வீட்டுல ஆரம்பிக்கணும்" என்றேன்.

"ஓ" என்றார் நந்தி பாபு. அவர் மனைவி அவர் காதில் ஏதோ சொன்னார்.

அண்டை வீட்டாருக்கான சொல்லும் எதிரிப் போட்டியாளருக்கான சொல்லும் வங்காளத்தில் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். ப்ரொதிபேஷி, ப்ரொதிஜோகி. போட்டியாளர் பசித்திருக்க நாம் வயிறு நிறைய உண்ணக்கூடாது, குழம்பு வைத்தால் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தாவது போட்டியாளருக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று சொன்னேன். கீழ்த்தளத்தில் மருந்துக் கடை வைத்திருப்பவர் வாய்விட்டுச் சிரித்தார். மனம் இளகுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக நோன்பு. இதைத்தான் நான் மிகவும் உருகித் தயாரித்திருந்தேன். பசியும் தாகமும் பெரிதல்ல, நாவைக் காப்பதுதான் நோன்பு, பொய் பேசக்கூடாது என்பது சாரம். பொய்ப் பேச்சு, 'மித்தே கொதா'. ஆனால் மேசையில் யாரோ இனிப்புத் தட்டின் மூடியை அப்போதுதான் திறந்தார்கள். என் வாயில் வந்தது 'மிஷ்டி கொதா'. இனிமையான பேச்சு.

"நோன்பு வச்சிருக்கும்போது இனிமையாப் பேசக்கூடாது" என்று கணீரென்று சொன்னேன். "நோன்புல மட்டும் இல்ல, ஒரு முஸ்லிம் எந்தக் காலத்திலும் இனிமையாப் பேசக்கூடாது. கடைக்காரர் வாங்க வர்றவங்ககிட்டே பேசக்கூடாது. புருஷன் பெண்டாட்டிகிட்டே பேசக்கூடாது. எங்க உம்மா சின்ன வயசிலேயே எங்களை அடிச்சு இதைச் சொல்லிக்கொடுத்தாங்க."

பஸ் ஹார்ன் மட்டும் கீழேயிருந்து கேட்டது. என் கணவர் எழுந்து நிற்பதா உட்கார்வதா என்று தெரியாமல் பாதியில் நின்றார். நந்தி பாபுவின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு தங்கை மகன் உருவாகிக்கொண்டிருப்பது தெரிந்தது.

அப்போது சுதபா தி எழுந்து நேராக என்னிடம் வந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"உன் மதம் எனக்குத் தெரியாது" என்றார் இந்தியில். "என் மொழி தெரியும். அதை இப்படிப் போட்டு அடிக்கிறதைப் பார்த்துட்டு என்னால உக்கார முடியலை. மிஷ்டி கொதான்னு எதைச் சொல்றே?"

"ஜூட், தீதி. ஜூட் பேசக்கூடாது" என்றேன், பொய்க்கு எனக்குத் தெரிந்த இந்தியில்.

அவர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு சபையைப் பார்த்து, பொய் பேசாதிருப்பதே நோன்பு என்பதை ஒரு கவிதையின் முதல் வரி போலச் சொன்னார். சபை மூச்சு விட்டது.

"ஆரம்பத்திலேர்ந்து வா" என்றார்.

நான் இந்தியில் சொல்லச் சொல்ல அவர் வங்காளத்தில் சொன்னார். பயம் புத்தகமானது. நெல் கொடையானது. போட்டியாளர் அண்டை வீட்டாரானார். (மருந்துக் கடைக்காரருக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.) தொழுகையில் பணக்காரரும் ஏழையும் தோளோடு தோள் நிற்பதைச் சொன்னபோது அவர் குரல் தழைந்தது. ஹஜ்ஜில் எல்லோருக்கும் தைக்காத வெள்ளைத் துணி என்றபோது, "அரசனுக்குமா?" என்று என்னைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, அதைத் தானே சேர்த்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த விஷயங்கள்தாம். ஆனால் அவர் சொல்லிக் கேட்டபோது எனக்கே புதிதாக இருந்தது.

பின்வரிசையிலிருந்து யாரோ, "அந்த விடியக்கால குக்கர் எதுக்கு?" என்று கேட்டார்.

"பொழுது விடியறதுக்கு முன்னாடி சாப்பிட்டு முடிக்கணும் தீதி. அப்புறம் சூரியன் மறையறவரைக்கும் ஒண்ணும் கிடையாது."

"தண்ணி?" என்றார் சுதபா தி.

"அதுவும் கிடையாது."

"சைத்திர மாச வெயில்லயா?"

"ஆமா."

சுதபா தி அதைச் சபைக்கு மொழிபெயர்த்தார். புகார் கொடுத்தது யார் என்பதை மட்டும் அவர் மொழிபெயர்க்கவில்லை. தபன் தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. நந்தி பாபு நாலு பேரைக் கேட்டிருக்கிறார். "அவளை அனுப்பினா அவ பாங்ளாவை யார் திருத்தறது?" என்று சுதபா தி சொன்னதாகத் தபன் தா சொன்னார். இப்போது வாரத்தில் இரண்டு மாலை கீழே போய் அவரிடம் 'ப' சொல்லிப் பழகுகிறேன். உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். புத்தகத்துக்கு அது ஆடக்கூடாது, பயத்துக்கு ஆட வேண்டும். இன்னும் புத்தகத்துக்கே ஆடுகிறது.

ஆனால் 'மிஷ்டி கொதா' எங்கள் கட்டிடத்தில் தங்கிவிட்டது. லிஃப்ட் பழுது பார்ப்பவர் நாளைக்கு வருவதாகச் சொன்னால், "மிஷ்டி கொதா சொல்றார்" என்கிறார் தபன் தா. பெயின்ட் அடிப்பவர், கேபிள்காரர் எல்லோருமே இப்போது மிஷ்டி கொதாக்காரர்கள்தான்.

எங்கள் வீட்டிலும் அதே நிலைமை. போன வெள்ளிக்கிழமை நான் செய்த பிரியாணி அடிப்பிடித்துவிட்டது. என் கணவர் ஒரு வாய் எடுத்துவிட்டு, "அருமையா இருக்கு, ஜரீனா" என்றார்.

ஆஃப்ரின் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"உம்மா, வாப்பா மிஷ்டி கொதா பேசுறாங்க."