மாத்திரைக்கும் முறை வைத்தவர்

சட்டத்தைப் போல ஒரு முட்டாளை இந்த ஏரிக்கரை கண்டதில்லை, இனி காணப்போவதும் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எதற்கெடுத்தாலும் "அதுக்கு ஒரு சட்டம் கீது" என்பார். அதனால் ஊருக்கு அவர் சட்டம்.

பழவேற்காடு ஏரியில் நல்ல இடத்தில் இன்று யார் வலை போடுவது என்று நாங்கள் முறை வைத்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். மற்றவர்களுக்குப் பாடு ஏரியோடு சரி. இவருக்குக் குழாயடியில் பாடு, ஷேர் ஆட்டோவின் ஓரத்து சீட்டுக்குப் பாடு. ஒரு விருந்தில், "போன தபா மீன் தல நீதான தின்ன?" என்று என் இலையிலிருந்தே தலையைத் தூக்கிக்கொண்டு போன மகானுபாவர்.

இப்பேர்ப்பட்டவர் திடீரென்று பேச்சை விட்டார். சுவரைப் பார்த்துப் படுத்தவர் வலைக்கும் வரவில்லை, சண்டைக்கும் வரவில்லை. அவர் மனைவி மல்லிகா அக்காதான் பொன்னேரியில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார். மன அழுத்தம் என்று தினமும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். மெல்ல எழுந்தார், குளித்தார், முதல் வேலையாக என்னைத் திட்டினார்.

தேறியதும் புத்தி போன போக்கைப் பாருங்கள். மாத்திரையை விட வேண்டுமாம். டாக்டரம்மாவைக் கேட்பாரா? அவரே சட்டம் போட்டார்.

"இன்னிக்கு மாத்திரை பாடு, நாளைக்கு என் பாடு!"

ஒரு நாள் விழுங்குவார், மறுநாள் விடுவார். தலை சுற்றியது. மண்டைக்குள் கரண்ட் அடிக்கிறது என்று வீட்டு மெயினை அணைத்தார். செத்த இறாலைப் பார்த்து அழுதார். கடைசியில், படகு தள்ளும் கழியோடு ஏரியில் விழுந்தார். இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்று, "எவன்டா படக ஆட்டனது?" என்றார். படகில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் மல்லிகா அக்கா ஓடி வந்தார். "தம்பி, திரும்ப செவுத்த பாத்து படுத்துக்கினாருப்பா."

கையிலிருந்த வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். இருவருமாக அவரைப் பொன்னேரிக்குக் கொண்டு போனோம்.

பாடு கதையைக் கேட்ட டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "விட்டு விட்டுப் போட்டா உடம்பு எப்படித் தாங்கும்? முதல்ல தினமும் போடுங்க. நல்லா தேறி நிலைச்சப்புறம் நானே அளவைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறேன். மாசக்கணக்காகும், ஆகட்டும். நீங்களா நிறுத்தாதீங்க. பழையபடி மனசு சோர்ந்தா உடனே வரணும். அதைப் பக்கத்துல யாராவது கவனிக்கணும்."

சட்டம் என்னைக் காட்டினார். "இவன் பாக்கட்டும். இவனுக்கு என்னக் கண்டாலே ஆவாது, உள்ளத சொல்வான்."

அதற்கும் பாடு வைத்தார். ஒரு நாள் மல்லிகா அக்கா, மறுநாள் நான். இப்போது டாக்டரம்மா சொன்னபடியே மாத்திரையின் அளவு குறைந்துகொண்டு வருகிறது. காலையில் வாசலில் நின்று மூஞ்சியைக் காட்டுகிறார்.

"இன்னாடா, எப்டி கீறேன்?"

"எப்பவும் போல கேவலமா கீற, ண்ணா."

திருப்தியாக உள்ளே போய்விடுவார்.

நேற்று நான் போய் நின்றதும் சீறினார். "இன்னிக்கு அவ பாடுடா, நீ இன்னாத்துக்கு வந்த?"

தெரியும். ஆனால் என் முறை இல்லாத நாளிலும் அந்த மூஞ்சியை ஒரு தரம் பார்க்காமல் எனக்குப் படகில் கால் வைக்க மனம் வருவதில்லை.