வாடகைச் சித்தப்பா

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி என்றுதானே இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? அப்படியானால் நீங்கள் இன்னும் ஊர் ஊராகச் சுற்றவில்லை என்று அர்த்தம். பயணிகள் வந்துபோகும் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கேட்டில் ‘அறைகள் உண்டு’ என்று ஒரு பலகை, இடுப்பில் ஒரு சாவிக்கொத்து, முகத்தில் நேற்றுதான் உங்களைத் தூக்கி வளர்த்தது போன்ற ஒரு சிரிப்பு, இந்த மூன்றோடும் வாசலில் ஒருவர் நிற்பார். உங்கள் பெட்டி தரையில் உட்காருவதற்குள் நீங்கள் அவருக்கு அண்ணன் மகன் ஆகிவிடுவீர்கள். இவர்தான் வாடகைச் சித்தப்பா. ரத்தம் இல்லாமல், கல்யாணம் இல்லாமல், ஜாமீன் கையெழுத்து கேட்காமல் கிடைக்கிற ஒரே சொந்தம்.

இந்த இனம் எப்படி உண்டாயிற்று? ஒரு படிவத்திலிருந்து உண்டாயிற்று. வீட்டு அறையை வாடகைக்கு விடுகிறவர், வந்து தங்குகிறவரின் பெயர், பிறந்த தேதி, எங்கிருந்து வந்தார், எதற்கு வந்தார், எத்தனை ராத்திரி இருப்பார் என்று பதினான்கு கட்டங்களையும் நிரப்பி இருபத்துநாலு மணி நேரத்துக்குள் நகராட்சிக்கு அனுப்பவேண்டும். கூடவே தலைக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரியும் வாங்கிக் கட்டவேண்டும். வரி ஒன்றும் மலையில்லை, ஒரு டீயும் ஒரு பன்னும் சாப்பிடுகிற காசு. அதையும் கட்டப்போவது வந்தவர்தான், சித்தப்பா கையிலிருந்து ஒரு சல்லி போகாது. இருந்தாலும் மனசு கேட்கிறதா? கேட்காது. அடுத்தவர் பாக்கெட்டிலிருந்து அரசாங்கத்துக்குப் போகும் காசைப் பார்த்தாலும் இவருக்கு வயிறு எரியும். அந்தப் படிவத்தின் அடியில், எறும்பு எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: உறவினர் வந்து தங்கினால் பதிவும் வேண்டாம், வரியும் வேண்டாம். மற்றவர்கள் மேலே இருந்து கீழே படிப்பார்கள். சித்தப்பா கீழே இருந்துதான் படிக்க ஆரம்பித்தார்.

நான் எடைமெஷின் விற்கிறவன். மாதத்தில் இருபது நாள் வெளியூர், இருபது தலையணை. இப்பேர்ப்பட்ட சித்தப்பாக்கள் எனக்கு ஏழெட்டுப் பேர் உண்டு. இருந்தாலும் அந்தக் கடற்கரை ஊரில் வாய்த்தவர் போல ஒருவரைக் கண்டதில்லை. ‘கடலுக்கு ஐந்து நிமிட நடை’ என்று பலகையில் போட்டிருந்தார். ஐந்து நிமிடம் நடந்து, மூச்சு வாங்கி, கடலைக் காணாமல் நான் திரும்பி வந்தபோது, “ஓடினா அஞ்சு நிமிஷம்” என்று விளக்கம் வேறு கொடுத்தார்.

அவர் வீட்டில் மாடியில் மூன்று அறை. சொந்தத்தை ஆளுக்கு ஆள் யோசித்துக்கொண்டிருந்தால் நேரமாகும் என்று, அதை அறையோடு சேர்த்தே வைத்துவிட்டார். சாவியில் தொங்கும் மரத்துண்டைத் திருப்பினால் பேனாவால் எழுதியிருக்கும். ஒன்றாம் நம்பர், அக்கா மகள் குடும்பம். இரண்டாம் நம்பர், மனைவியின் அண்ணன். மூன்றாம் நம்பர், அண்ணன் மகன். வருகிறவருக்கு என்ன வயசோ, என்ன முகமோ, சித்தப்பாவுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. எந்தச் சாவி கையில் விழுகிறதோ அந்த முறை.

சாவி கொடுப்பதும் சும்மா இல்லை, ஒரு பரீட்சை வைத்துத்தான்.

“யாராவது வந்து கேட்டா என்ன சொல்வீங்க?”

“ரூம் எடுத்துத் தங்கியிருக்கோம்னு...”

“ஐயையோ, குடியைக் கெடுத்தீங்க! நான் உங்களுக்குச் சித்தப்பா. எங்க, கூப்பிடுங்க பார்ப்போம்.”

“சித்தப்பா.”

“காய்கறிக்காரரைக் கூப்பிடற மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் பாசமா.”

பாசம் வரும்வரை சாவி வராது. எனக்கு நாலாவது தடவையில்தான் வந்தது. இத்தனைக்கும் எனக்கு விழுந்தது இரண்டாம் நம்பர் சாவி. நியாயமாகப் பார்த்தால் நான் அவருக்கு மச்சான். அந்த நுணுக்கமெல்லாம் அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்? எல்லோரும் சித்தப்பா என்றே கூப்பிட்டோம்.

அந்த வாரம் ஒன்றாம் நம்பரில் ஒரு புதுமணத் தம்பதி. மூன்றாம் நம்பரில் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர், வயது எழுபத்திரண்டு. சித்தப்பாவுக்கு ஐம்பத்தாறு. டாக்டர் முறையை ரொம்ப உண்மையாக எடுத்துக்கொண்டுவிட்டார். முதல் நாளே சமையலறைக்குள் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். இரண்டாம் நாள், “சித்தப்பா, இந்த வீட்டை வித்துட்டுப் பேசாம பேங்க்ல போடுங்க” என்றார். மூன்றாம் நாள் எல்லோர் முன்னாலும் சித்தப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லி, கடைவாய்ப் பல்லைப் பற்றி அபசகுனமாக ஏதோ சொன்னார். நிஜச் சொந்தக்காரர் செய்வதில் எதையும் அவர் பாக்கி வைக்கவில்லை.

சித்தப்பாவின் மனைவியை நாங்கள் சித்தி என்றோம். இந்தக் கூத்தில் அந்த அம்மாவுக்குப் பங்கு ஒன்றும் கிடையாது. வீடு மட்டும் அவர் பேரில் இருந்தது. பெண்கள் பேரில் பத்திரம் பதிந்தால் கட்டணம் கொஞ்சம் குறைவு என்று சித்தப்பாவே ஓடி ஓடிப் பதிந்து வைத்தது. மற்றபடி படுக்கை விரிப்பதும் டீ போடுவதும்தான் சித்தியின் வேலை. நாலாம் நாள் காலையில் அவர் எனக்கு டீ கொடுத்தபோது முகம் என்றைக்கும் இல்லாமல் மலர்ந்திருந்தது.

“இன்னைக்கு என் அண்ணன் வர்றார். ஆறு வருஷம் ஆச்சு.”

“ஏன் சித்தி, வெளிநாடா?”

“வெளிநாடெல்லாம் இல்லை, நாலு மணி நேரப் பயணம். போன தடவை அவர் வந்து தங்கியிருந்தப்ப திடீர்னு வாடகைக்கு ஆள் வந்துட்டாங்க. இந்த மனுஷன் எங்க அண்ணனை எழுப்பி, பாயை மாடிப்படித் திருப்பத்துல போட்டுப் படுக்க வச்சிட்டாரு. விடியறதுக்குள்ள போனவர்தான்.” சித்தி குரலைத் தாழ்த்தினார். “நான் போன் பண்ணி அழுது, இப்பத்தான் மனசு இறங்கி ஒரு வாரம் இருக்கேன்னு வர்றார். கீழ தையல் மிஷின் ரூமை ஒழிச்சு வச்சிருக்கேன். இந்தத் தடவை ஏதாவது குறை வந்துச்சுன்னா எனக்குப் பிறந்த வீடே இல்லைன்னு ஆயிடும்.”

வாய் சும்மா இருக்கக்கூடாதா? “கவலைப்படாதே தங்கச்சி” என்று சொல்லிவைத்தேன். சாவி அப்படி.

பதினோரு மணிக்கு வாசல் மணி அடித்தது. அண்ணன் என்று ஓடிப்போய்ப் பார்த்தால் நகராட்சி ஆய்வாளர். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. கையில் ஒரு அட்டை, அட்டையில் பேப்பர், காதோரம் ஒரு பென்சில். அதட்டல் கிடையாது. அதட்டுகிறவரைச் சித்தப்பா ஊதித் தள்ளிவிடுவார். இந்த அம்மா, “ஒண்ணும் அவசரம் இல்லை, ஒவ்வொருத்தரா சொல்லுங்க” என்று எங்களையெல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார். பேச்சோடு பேச்சாக, பதினேழு பேர் உள்ள கூட்டுக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர் என்றும் சொன்னார். சித்தப்பாவின் நெற்றியில் அப்போதே வேர்வை பூத்துவிட்டது. பொய் என்று தெரிந்தால் அபராதம், அதைவிடக் கொடுமை, கேட்டில் இருக்கும் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சீசன் முழுக்க மூன்று அறையும் காற்று வாங்கும்.

“எல்லாம் நம்ம ஆளுங்கதான் மேடம். இது எங்க அக்கா மகள், அவ வீட்டுக்காரர்.”

ஆய்வாளர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். “இவர் உனக்கு என்னம்மா வேணும்?”

“சித்தப்பா” என்றாள் அவள், மனப்பாடம் செய்த பாசத்தோடு.

பென்சில் நின்றது. “அக்கா மகளுக்கு மாமாதானே ஆகணும்?”

“செல்லமா அப்படிக் கூப்பிடுவா” என்றார் சித்தப்பா.

“சரி. பெரியவர்?”

“அண்ணன் மகன்.”

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு டாக்டரைப் பார்த்தார். “அண்ணன் மகனுக்கு என்ன வயசு?”

“எழுபத்திரண்டு” என்றார் டாக்டர் பெருமையாக.

“அப்ப அண்ணனுக்கு?”

“அண்ணன் எனக்கு ரொம்ப மூத்தவர்” என்றார் சித்தப்பா.

ஆய்வாளர் பேப்பரைத் திருப்பி, பின்பக்கத்தில் கோடு இழுக்க ஆரம்பித்தார். இவர் இங்கே, அக்கா இங்கே, அண்ணன் இங்கே. “அக்கா மகள் இவ, அண்ணன் மகன் இவர். அப்ப இவருக்கு இந்தப் பொண்ணு அத்தை மகளாச்சே. முறைப்பெண்ணுல்ல?”

புது மாப்பிள்ளை நாற்காலியை மனைவி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். டாக்டர் மட்டும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பென்சில் என் பக்கம் திரும்பியது. வேண்டாம் வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் கேட்டதா? ஒரு டீயையும் பன்னையும் மிச்சம் பிடிக்க வந்த வாய் அது. “நான் இவங்களுக்கு அண்ணன்” என்று சித்தி இருந்த சமையலறையைக் காட்டினேன்.

“கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?”

நான் முழிப்பதைப் பார்த்துச் சித்தப்பா முந்திக்கொண்டார். “ஒரே அண்ணன் மேடம்! இவர்தான். தங்கச்சின்னா உசிரையே விடுவார்.”

உசிர் எனக்கு அப்போதே பாதி போய்விட்டது. ஏனென்றால் மேடத்தின் முதுகுக்குப் பின்னால், திறந்திருந்த வாசலில், பெட்டியும் கையுமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சித்தியின் மூக்கு, சித்தியின் நெற்றி, சித்தியைப் போலவே இடது பக்கம் சாய்ந்த தலை. ஜாடைக்குச் சாட்சி வேண்டுமா?

“யாருங்க நீங்க?” என்றார் ஆய்வாளர்.

“இந்த வீட்டம்மாவோட அண்ணன்.”

ஆய்வாளர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வந்தவரைப் பார்த்தார், கடைசியில் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பாவின் கண் ஒருமுறை மச்சானிடம் போயிற்று, ஒருமுறை ஜன்னல் வழியாகப் பலகைக்குப் போயிற்று. இரண்டில் எதை விடுவது? ஒரு மனுஷனுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அவர் யோசித்தார்.

“இவர் வாடகைக்கு வந்தவர் மேடம்” என்றார். “இப்பத்தான் வர்றார். நானே பதிவு பண்ணணும்னு இருந்தேன். எழுதிக்கோங்க.”

வந்தவர் பெட்டியைக் கீழே வைத்தார். “போன தடவை மாடிப்படியில படுக்க வச்சீங்க. இந்தத் தடவை அதுக்கு வரி வேறயா?”

ஆய்வாளர் புதுப் படிவம் ஒன்றை எடுத்து அடக்கமாக எழுத ஆரம்பித்தார். பெயர். பிறந்த தேதி. ஊர். “வந்த நோக்கம்?”

“தங்கச்சியைப் பார்க்க.”

சமையலறை வாசலில் சித்தி ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை, ஆனால் எல்லாம் கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. நான் தரையைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

சித்தப்பா அவசரமாகப் பேனாவை எடுத்தார். “கையெழுத்து எங்க மேடம்?”

“நீங்க போட முடியாது. வீடு இந்த அம்மா பேர்ல இருக்கு. யார் சொந்தம், யார் விருந்தாளின்னு இவங்கதான் சொல்லணும்.” ஆய்வாளர் அந்தப் பேனாவை வாங்கிச் சித்தியிடம் நீட்டினார். “சொல்லுங்கம்மா.”

சித்தி கையை நிதானமாகத் துடைத்துக்கொண்டார். பிறகு போய் அண்ணனின் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“இவர் என் அண்ணன். மத்த எல்லாரையும் எழுதிக்கோங்க.”

“எல்லாரையும்னா?” பென்சில் புதுப்பெண்ணைத் தொட்டது, மாப்பிள்ளையைத் தொட்டது, டாக்டரைத் தொட்டது, என்னைத் தொட்டது. அப்படியே நகர்ந்து சித்தப்பாவின் மூக்குக்கு நேராக வந்து நின்றது.

சித்தி கொஞ்சம் யோசித்தார். சற்று முன் சித்தப்பா யோசித்த அதே அளவு நேரம்.

“எல்லாரையும்.”

“எத்தனை ராத்திரி?”

“இப்போதைக்கு ஒண்ணுன்னு போடுங்க. மேல பார்க்கலாம்.”

அண்ணன் ஆறு வருஷத்துச் சிரிப்பை அன்றைக்குச் சிரித்தார். ஒரு வாரம் என்று வந்தவர் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனதாகக் கேள்வி. பலகை அன்று மத்தியானமே கழன்றது. சித்தப்பா பதினான்கு கட்டத்தையும் தன் கையாலேயே தனக்கு நிரப்பிக்கொண்டார். ‘வந்த நோக்கம்’ என்ற இடத்தில்தான் ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்குப் பாய் எங்கே விழுந்தது என்று சொல்லவேண்டுமா? மாடிப்படித் திருப்பத்தில்தான். டாக்டர் மட்டும் போகிற போக்கில், “சித்தப்பா, தலைகாணி வேணுமா?” என்று கேட்டார். நான் வரியைக் கட்டிவிட்டு, சித்தியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிளம்பினேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பஸ்ஸில் ஏழு வயசுப் பிள்ளையை நாலு வயசு என்று சொன்னது யார்? ஆஸ்பத்திரி வாசலில் முன்பின் தெரியாத நோயாளிக்குத் தம்பியாகி உள்ளே நுழைந்தது யார்? லீவுக்காகத் தாத்தாவை மூன்று தடவை சாகடித்தது யார்? நான் யாரையும் சொல்லவில்லை. அடுத்த தடவை வெளியூரில் ஒருவர் சாவியை நீட்டி, “சித்தப்பான்னு கூப்பிடுங்க” என்றால், பேசாமல் படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்பிவிடுங்கள். அதோடு, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு ஆய்வாளர் வந்து உங்களைக் காட்டி, “இவர் இங்க யாரு?” என்று உங்கள் வீட்டில் கேட்டால் என்ன பதில் வரும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பதில் வரத் தாமதமாகும் போலத் தோன்றினால், பிறந்த தேதியை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நல்லது. படிவத்தில் இரண்டாவது கட்டமே அதுதான்.