சலாதுக்குக் காய்ச்சல் பார்த்த விதம்

கட்டுகஸ்தோட்டை,
12.05.1996

அன்புள்ள தம்பி ராஜலிங்கத்துக்கு,

நானும் உன் அக்கா பத்மாதேவியும் சுகம். ரொறன்ரோவில் நீயும் குடும்பமும் குளிரிலும் சுகமாயிருக்கப் பிள்ளையார் துணை. வீட்டை விற்றுவிட்டு உடனே வாருங்கள், டிக்கெட்டும் போட்டாயிற்று என்று நீ எழுதிய கடிதம் கிடைத்தது. முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன்: வரமாட்டேன். வீட்டு மேல்தட்டில் சலாதுக் கீரை நட்டிருக்கிறேன்.

மண்ணே இல்லாமல், உரம் கரைத்த தண்ணீரில் வேர் தொங்க நடுகிற முறை இது. பேராதனைப் பக்கம் ஒரு வகுப்பில் படித்தேன். சந்தையில் மீன் விற்கிற ஹபீலிடம் மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கிற பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டிகள் பழையது வாங்கிக் கழுவி, மீன்தொட்டிப் பம்பு ஒன்று பூட்டினேன். எல்லாம் சரி, தண்ணீர் மட்டும் சூடேறக்கூடாதாம். சூடேறினால் வேர் பழுத்து வழுவழுத்துப் போகும். எங்கள் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் அந்தத் தண்ணீரில் பிள்ளையைக் குளிப்பாட்டலாம். போதாக்குறைக்கு இப்போது நாள்முழுக்கக் கரண்ட் வெட்டு, பம்பும் ஓடாது. நான் பேராதனைச் சந்தியில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவன், கணக்குப் பார்க்காமல் எதையும் விடமாட்டேன். அலுமாரியிலிருந்த காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் வைத்தேன். நூறு காட்டியது. ஹபீலிடம் ஐஸ் வாங்கிப் போட்டுப் பார்த்தேன், நூறு. இன்னும் போட்டேன், அப்போதும் நூறு. ஹபீல், "மாஸ்டர், நான் மீனுக்கே இவ்வளவு ஐஸ் போடுறதில்ல" என்றான். உனக்கு மீனைப் பற்றித்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தினமும் காலையில் ஆற்றுப் பாலத்தால் ஐஸ் பெட்டி சுமந்து போகிற என்னைப்போல யாழ்ப்பாணத்துக் கிழவனைச் சோதனைச்சாவடியில் எத்தனை நாள்தான் சும்மா விடுவார்கள். ஒரு நாள் பொலிஸ் வீட்டுக்கே வந்துவிட்டது. இளம் இன்ஸ்பெக்டர் ஒருவர், பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர். மேல்தட்டில் வயரையும் குழாயையும் உரத்தூளையும் கண்டதும் அவருடைய முகம் மாறிவிட்டது. இது என்ன தூள் என்றார். சலாதுக்கு உரம் என்றேன். ஐஸ் எதற்கு என்றார். சலாதுக்குத்தான் என்றேன். எல்லாவற்றையும் இப்போதே கழற்று, இல்லையென்றால் ஸ்டேசனுக்கு நட என்றார். எனக்கும் வந்ததே கோபம். "நான் காரணமில்லாமல் ஒரு ரயிலைக்கூட மறித்ததில்லை. எந்தச் சட்டத்தில் சலாது குற்றம் என்று எழுதித் தாருங்கள், கழற்றுகிறேன்" என்று சிங்களத்திலேயே சொன்னேன்.

அவர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். வேரும் ஐஸும்தான் அகப்பட்டன. கையை எடுத்தவர் நடுங்கத் தொடங்கினார், நடுக்கம் நிற்கவில்லை. கண்ணெல்லாம் சிவப்பு. உன் அக்கா பார்த்தாள். "இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலெல்லோ, பாத்துக்கொண்டு நிக்கிறியள்" என்று எனக்கு ஏசிவிட்டு, கண்ணாடிக் குழாயைப் பிடுங்கிக் கழுவி, நாலு உதறு உதறி, வாயைத் திற என்று அவருக்குச் சைகை காட்டினாள். துவக்குக்காரர் இருவரும் பார்த்திருக்க இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். நூற்றிரண்டு. பிறகு கதிரையில் இருத்திக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். குடித்து முடித்தவர், பெட்டிகள் இருக்கட்டும் என்றார். படியிறங்கும்போது, "இவ்வளவு கரைச்சலோடு ஏன் இங்கே இருக்கிறீர்கள், வெளிநாட்டில் சொந்தக்காரர் இல்லையா?" என்றும் கேட்டார். நீயும் அவரும் கலந்து பேசினீர்களோ தெரியாது.

அவர் போனதும் குழாயைத் தண்ணீரில் வைத்தேன். ஐஸ் மிதக்கிற தண்ணீரில் நூற்றிரண்டு. "வைக்க முன்னம் உதறினனீங்களே?" என்று கேட்டாள் உன் அக்கா. இந்த வீட்டில் காய்ச்சல் பார்ப்பது எப்போதும் அவளுடைய வேலை. உதறாவிட்டால் ஏறினது இறங்காது என்று எனக்கு யார் சொன்னது? அதோடு ஐஸை விட்டேன். இப்போது பெட்டிகளைச் சுற்றி நனைத்த சாக்கு, கரண்ட் இல்லாத நேரம் அகப்பையால் ஒரு கலக்கு. கையை விட்டால் குளுகுளுவென்றிருக்கிறது. சலாது அருமையாக வந்திருக்கிறது.

எழுபத்தேழுக் கலவரத்தில் எழும்பிப் போ என்றார்கள், போனோம். எண்பத்துமூன்றிலும் போனோம். இரண்டு தரமும் திரும்பி வந்து கதவு நிலையிலிருந்து புதிதாகப் போட்டவன் நான். எனக்குப் பயம் இல்லையென்று நினைக்காதே, நிறைய இருக்கிறது. ஆனால் மூன்றாம் தரம் யார் சொல்லியும் நான் எழும்பப் போவதில்லை, அது காக்கிச் சட்டையானாலும் சரி, நீயானாலும் சரி.

உனக்கும் மனைவி மக்களுக்கும் எங்கள் ஆசீர்வாதம். பிள்ளைகளுக்குத் தமிழ் மறக்க விடாதே.

இப்படிக்கு,
உன் அத்தான்
தியாகராஜா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் முதல் சலாதைப் பிடுங்கிச் சாப்பிட்டோம். வேப்பிலைக் கசப்பு. தண்ணீர் குளிர்ந்தாலும் இலைக்குக் கூரைச் சூடு பிடித்தால் அப்படித்தானாம். ஹபீலின் ஆடும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. புதிதாக விதை போட்டிருக்கிறேன். வாயில் வைக்கக்கூடிய சலாது வரும்வரை அசைய முடியாது, டிக்கெட்டை ரத்துச் செய். இந்த முறையும் கசந்தால் நல்லது என்கிறாள் உன் அக்கா.