ஒரே ஒரு பெரிய ஜெர்சி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மிகுந்த பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் உன்னிடம் பொய் சொல்லி நான் என்றைக்குத் தப்பித்திருக்கிறேன்? அங்கு உன் மகளையும் மாப்பிள்ளையையும் பேத்தியையும் விசாரித்ததாகச் சொல்லவும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பஸ் டிப்போ கூடைப்பந்து அணிக்கு இறுதி ஆட்டம். எதிரணி துறைமுகத்து ஆட்கள். சொந்தமாக விசில் வைத்திருந்த ஒரே குற்றத்துக்காக, ஸ்டோரில் நட்டு போல்ட்டு எண்ணிக்கொண்டிருந்த என்னைப் பயிற்சியாளராக்கிய கதை உனக்குத் தெரியும். கூடைக்கு அடியில் நின்று பந்தைப் பிடுங்க ஒரு நெட்டை ஆள் வேண்டும். நெட்டை ஆட்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் உடம்புக்கு ஏறுகிற ஜெர்சி ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று தைக்கலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "எதுக்கு? மாத்தி மாத்திப் போட்டுக்கட்டும்" என்றார். ஆட்டத்தின் நடுவே சட்டையைக் கழற்றினால் நடுவர் என்னையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடுவார். ஆகவே ஒருவர்தான். நாளைக் காலை பெயரைக் கொடுக்க வேண்டும்.

ஒருவர் உன் வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், டிப்போவின் ஃபோர்மேன். இன்னொருவன் டயர் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பையன். கொடிக்கம்பம் என்று கூப்பிடுகிறோம்.

கொடிக்கம்பம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறான். கேன்டீன் டியூப்லைட்டைத் தலையால் உடைப்பது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. குதித்தால் கை வளையத்துக்கு மேலே போகிறது. மேலே போன கைக்கு அங்கே என்ன வேலை என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. போன ஆட்டத்தில் எதிராளியிடமிருந்து பந்தை அழகாகப் பிடுங்கினான். அந்த ஆள் "டேய், எங்க பந்துடா!" என்று ஒரு அதட்டல் போட்டதும், "சாரிண்ணே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அத்தானுக்கு இந்த மரியாதையெல்லாம் கிடையாது. மைதானம் எங்கள் டிப்போ முற்றம்தானே, டீசல் பம்புக்கும் பஸ் கழுவுகிற இடத்துக்கும் நடுவே. எவ்வளவு தேய்த்தாலும் போகாத ஆயில் திட்டுகள் அங்கங்கே இருக்கும். எது எங்கே என்பது அத்தானுக்கு அத்துப்படி. முதுகைக் கொடுத்து எதிராளியை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போய்ச் சரியாகத் திட்டின் மேல் நிறுத்துவார். அவன் வழுக்கி விழுந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு, "பாத்து நிக்கக் கூடாதா தம்பி?" என்பார். குதிக்கவே மாட்டார். குதித்துத்தான் என்ன ஆகப்போகிறது என்று கேட்பார்.

ஆனால் அக்கா, இப்போதெல்லாம் இடைவேளைக்குப் பிறகு அத்தானைத் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டியிருக்கிறது. போன வாரம் பயிற்சியில் இரண்டு தடவை ஓடிவிட்டு அப்படியே குனிந்துவிட்டார். நான் ஓடிப்போனேன். "லேஸ் கட்டுறேன், நீ போ" என்றார். லேஸ் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தது. அதை அவிழ்த்தார், கட்டினார், மறுபடி அவிழ்த்தார். விரல் நடுங்கியது, உதடு வெளுத்திருந்தது. நான் திரும்பிப் பார்த்தது அவருக்குத் தெரியாது.

மகள் ஊருக்குக் கிளம்பும்போது, "அவர் மைதானத்துல கால வெச்சா, உன் கால ஒடிச்சிடுவேன்" என்று நீ சொல்லிவிட்டுப் போனாய். அவரிடம் போய் "நீங்க வேண்டாம்" என்று சொன்னால் அவர் ஒடிப்பார். எனக்கு இருப்பதோ இரண்டு கால். கொடிக்கம்பத்திடம் போய், "இனிமே நீதாண்டா, கொஞ்சம் இடிச்சு ஆடு" என்றால், "ஃபோர்மேன் சாரை எப்படிண்ணே இடிக்கிறது? நாளைக்கு வேலைக்கு வரணுமே" என்கிறான். பயிற்சியில் அத்தான் எதிரே வந்தால் கையைக் கட்டிக்கொண்டு வழிவிடுகிறான். அவர் நிற்கிறவரை இவன் தேறமாட்டான்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். கோப்பை போனால் போகட்டும், பையன்தான் ஆடுவான். நாளைக் காலை அத்தானிடம் சொல்லிவிடுவேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பஸ் இருக்கும்படி நின்றுகொண்டு சொல்வேன். என் கையெழுத்து நடுங்கியிருந்தால் பேனாவின் கோளாறு என்று எடுத்துக்கொள்ளவும்.

குழந்தைக்கு என் முத்தங்கள். நீங்கள் எல்லோரும் ஒரு தலைவலி கூட இல்லாமல் இருக்க வேண்டும் என்று விரும்பும்,

உன் தம்பி.

பின்குறிப்பு: கையெழுத்துப் போடும்போது விளக்கு மங்குவதாக நினைத்தேன். மங்கவில்லை. அத்தான் பின்னால் நின்றுகொண்டிருந்தார். துவைத்து மடித்த ஜெர்சியை மேஜைமேல் வைத்து, "பையன்கிட்ட குடுத்துடு. என்னால முடியலப்பா. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் பயந்துகிட்டு இருந்தேன்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் காகிதத்தை மூட மறந்துவிட்டேன். என் தோளுக்கு மேலாகவே படித்துவிட்டார், அவர் உயரத்துக்குக் குனியக்கூட வேண்டியதில்லை. "தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணுமா? யாரை? ஞாயித்துக்கிழமை பாரு!" என்று ஜெர்சியைப் பிடுங்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். பின்னாலேயே ஓடினேன். பாதிப் படியில் குனிந்து நின்றார். "நீ போ, லேஸ் கட்டிட்டு வரேன்" என்றார்.

அவர் போட்டுக்கொண்டு வந்தது ரப்பர் செருப்பு, அக்கா.

பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் வந்து அவரைப் படியிலேயே உட்கார வைத்து நாடி பார்த்துக்கொண்டிருக்கிறார். அத்தான் ஜெர்சியை மடியிலிருந்து விடவில்லை. இதைத் தபாலில் போடப் போவதில்லை. இதோ போன் செய்கிறேன். எவ்வளவு வேண்டுமானாலும் குறுக்கே பேசு.