லிஃப்ட் பக்கத்தில் என் படம் வேண்டும்

வாயால் பிழைப்பவனுக்கு வாயை எங்கே மூட வேண்டும் என்பது மட்டும் தெரியாது. பொதுவாகச் சொல்வதுபோல் சொல்கிறேனே தவிர, என்னைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அப்போது நான் கோலாலம்பூரில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சியில் விளையாட்டு அரட்டை நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தேன். சொந்த ஊரான ஈப்போவின் சந்தையில் மீன் வாங்கப் போனால், 'டிவியில வர்ற அண்ணே' என்று சொல்லி ஒரு மீன் கூடுதலாகப் போடுவார்கள். அந்த ஒரு மீன் தலைக்கு ஏறியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. மற்றவர்கள் சம்பளத்துக்குச் சண்டை போடுவார்கள். நான் படத்துக்குச் சண்டை போட்டேன். நிலையத்தில் லிஃப்ட் பக்கத்துச் சுவரில், சமையல் நிகழ்ச்சி நடத்தும் அம்மாவின் படம் ஆளுயரத்துக்குக் கரண்டியும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. என் படம் கழிவறைக்குப் போகும் வழியில், தபால் அட்டை அளவில் இருந்தது.

"லிஃப்ட் பக்கத்துல என் படம் வரணும். இல்லாட்டி கையெழுத்து இல்ல" என்று தயாரிப்பாளர் சேகரன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

"தேவா, நீ மொதல்ல ஆட்டத்தப் பத்திப் பேசு. ஆட்டத்தத் தவிர எல்லா ஊர்க்கதையும் பேசற. படத்த அப்புறம் பாப்போம்லா" என்றார் அவர்.

கோபித்துக்கொண்டு ஈப்போவுக்கு வந்துவிட்டேன். நான் இல்லாமல் நிலையமே ஆடிப்போகும், கெஞ்சுவார்கள் என்று போனை முழு சார்ஜில் வைத்திருந்தேன். காப்புறுதி பாலிசி விற்கும் ஒரு பெண்ணைத் தவிர யாரும் கூப்பிடவில்லை. (அவரிடமும் அரை மணி நேரம் பேசினேன்.)

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி பிலோமினாவின் தம்பி ஜோசப் வந்தான்.

"மச்சான், ஞாயித்துக்கிழமை கோயில் திருவிழா. கல்யாணமானவங்களுக்கும் ஆகாதவங்களுக்கும் பந்தாட்டம். மைக் புடிக்க ஆளு இல்ல, நீங்க வாங்கலா."

பீடோர் பக்கம் ஒரு தோட்டம் அது. ரப்பர் போய், எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது. ஆட்கள் எல்லாரும் டவுனுக்குப் போய்விட்டார்கள். அந்தோணியார் கோயிலும் பக்கத்தில் ஒரு மைதானமும்தான் மிச்சம். வருடத்துக்கு ஒருமுறை எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு அங்கே கூடிவிடுவார்கள்.

"ஒப்பந்தம் இன்னும் முடியலையே, வேற எடத்துல பேசலாமா?" என்று பிலோமினா கேட்டாள்.

"அது டிவிக்கு. இது கோயில்லா" என்றேன். ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தை நான் படித்ததே இல்லை. கையெழுத்துப் போடும் இடத்துக்கு நேராகப் போய்விடுவது என் வழக்கம்.

அன்று பேசித் தீர்த்தேன். ஜோசப் தொடக்கத்திலிருந்து கடைசி வரை போனில் பிடித்து, 'டிவி புகழ் தேவாவின் அதிரடி கமெண்டரி' என்று தலைப்பு வைத்து இணையத்தில் போட்டுவிட்டான்.

அடுத்த வாரம் நிலையத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வேறு இடத்தில் விளையாட்டு வர்ணனை செய்துவிட்டேனாம். ஆகவே இரண்டு வருடம் நான் எங்கேயும் விளையாட்டைப் பற்றிப் பேசக்கூடாதாம். பேசுவதைத் தவிர வேறு வேலை எனக்குத் தெரியாது. வீட்டில் பல்ப் மாற்றுவதற்குக்கூடப் பிலோமினாதான் நாற்காலியில் ஏறுவாள்.

என் அக்கா ஸ்டெல்லா ஈப்போவில் வழக்கறிஞர். வீடு, நிலம் கைமாற்றும் பத்திரங்கள்தான் அவள் தொழில். டிவிக்காரர்களோடு மோதியவள் இல்லை. ஆனாலும் அந்த வீடியோவை உட்கார்ந்து முழுதாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "சரி, போலாம்" என்றாள். கோலாலம்பூருக்குப் போகும் வழியில், சிலிம் ரிவரில் தேநீர் குடிக்க நிறுத்தியபோதுதான் அடுத்து வாயைத் திறந்தாள்.

"உள்ள போனா நீ வாயத் தொறக்காத."

"ஏதாச்சும் கேட்டா?"

"தலைய ஆட்டு."

அறையில் சேகரன் அண்ணன் இருந்தார். பக்கத்தில் நிலையத்தின் வழக்கறிஞர், ஒரு மலாய்க்காரப் பெண்மணி. அவருக்குத் தமிழ் தெரியாது. வழக்கு நிற்க வேண்டுமென்றால் நான் பெரிய ஆள் என்று காட்ட வேண்டுமே! சேகரன் அண்ணன் ஆரம்பித்தார்.

"இந்த நாட்டுல தேவா மாதிரி ஆட்டத்தப் புரிஞ்சு பேசற ஆளு கெடையாது. இவன் வேற எடத்துல பேசினா எங்களுக்குப் பெரிய நஷ்டம்."

இத்தனை வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றிண்ணே" என்றேன். மேசைக்குக் கீழே அக்காவின் குதிகால் என் காலில் இறங்கியது.

"அப்படிப்பட்ட கமெண்டரிய எல்லாரும் பாத்துடலாமே" என்றாள் அக்கா.

வீடியோ ஓடியது. திரையில் நான் ஜெர்சி போட்டு, மைக்கோடு கம்பீரமாக நிற்கிறேன். "லோரிய மறிச்சிக்கிட்டு ஒரு வெள்ளக் காடி நிக்குது, யாருதுலா? வந்து எடுங்க!"

என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண்மணி மலாயில் கேட்டார். "காரை எடுக்கச் சொல்கிறார்" என்று சேகரன் அண்ணன் மொழிபெயர்த்தார்.

"மட்டன் பெரட்டல் ரெடி. ஃபாதர் ஜெபம் பண்ணாம யாரும் கை வெக்காதீங்க!" அதையும் மொழிபெயர்த்தார்.

"மரியதாஸ் அண்ணே, ரொம்ப ஓடாதீங்க, ஒங்களுக்கு நெஞ்சுவலி இருக்கு!"

மொழிபெயர்ப்பைக் கேட்டதும் பெண்மணி நிமிர்ந்தார். "இது விளையாட்டு வீரரைப் பற்றித்தானே?"

"இல்லை, இது மருத்துவ ஆலோசனை" என்றாள் அக்கா.

திடீரென்று திரையில் கூட்டம் குதித்துக் கூச்சல் போட்டது. என் குரல் அதற்கும் மேலே கேட்டது. "சத்தம் போடாதீங்கலா, வெள்ளக் காடிக்காரர் காதுல விழல!"

"ஏன் கத்துகிறார்கள்?"

"கோல் விழுந்துவிட்டது" என்றார் சேகரன் அண்ணன், சுரத்தில்லாமல்.

"இவர் அதைச் சொல்லவில்லையா?"

"இல்லை."

அடுத்த கோல் விழுந்தபோது மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காணாமல் போன ஒரு ஜோடிச் செருப்பின் நிறத்தை வர்ணித்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் மைக்கிலேயே ஜோசப்பிடம் கேட்கிறேன்: "யாருடா ஜெயிச்சது?"

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். (ஆமாம், என்னைக் காப்பாற்றத்தான் அக்கா இவ்வளவும் செய்துகொண்டிருந்தாள்.)

"இது நல்ல கமெண்டரிதான்! ரெண்டாவது பாதியில ஆஃப்சைடப் பத்திச் சொல்லியிருக்கேன்!"

'ஆஃப்சைட்' என்ற சொல் காதில் விழுந்ததும் பெண்மணி சட்டென்று பேனாவை எடுத்தார். சேகரன் அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. இரண்டு வருட ஊமை வாழ்க்கையை என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

தேடினார்கள். கிடைத்துவிட்டது. திரையில் நான் கோல் கம்பத்தைப் பார்த்துக் கையை நீட்டி முழங்குகிறேன். "கம்பத்துக்குப் பின்னால அந்த மோட்டார் சைக்கிள் ஆஃப்சைட்ல நிக்குது, எடுங்கலா!"

சேகரன் அண்ணன் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பெண்மணி பேனாவை மூடிவைத்துவிட்டுக் கண்ணீர் வரச் சிரித்தார்.

நோட்டீஸைத் திரும்பப் பெற்றார்கள். ஒப்பந்தத்தையும் அங்கேயே ரத்து செய்துகொண்டோம். அந்த ஒளிப்பதிவில் விளையாட்டு வர்ணனை எதுவும் இல்லை என்று எழுதி, நானே அதில் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக முழுதும் படித்துவிட்டுப் போட்டேன்.

"நான் இத்தன வருஷமா சொன்னத ஒங்க அக்கா ஒரே நாள்ல நிரூபிச்சிட்டாங்களே தேவா" என்று சேகரன் அண்ணன் கை கொடுத்தார். வாசலுக்கு வந்ததும் மூச்சு சீராகி, பசி எடுத்தது. அக்காவைக் கட்டிப்பிடித்தேன். "விடுடா, கால் வலிக்குதா?" என்றாள்.

இப்போது ஈப்போவிலிருந்து சொந்தமாக இணையத்தில் நிகழ்ச்சி நடத்துகிறேன். தம்பிக்கு ஆட்டம் தெரியாது என்று நிரூபித்துத் தம்பியைக் காப்பாற்றிய கதையை, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அக்கா முதல் பந்தியிலேயே ஆரம்பித்துவிடுவாள்.

பீடோர் திருவிழாவுக்கும் தவறாமல் போகிறேன். மைக்கை இன்னமும் என்னிடம்தான் தருகிறார்கள். ஆனால் பந்து கம்பத்தை நெருங்கினால் போதும், மொத்த மைதானமும் ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கத்துகிறது: "அண்ணே, கோல் வருது, திரும்பிக்குங்கலா!"

நானும் மரியாதையாக முதுகைக் காட்டி நின்றுகொள்கிறேன். பின்னால் ஊரே அலறும். என்ன ஒரு நிம்மதி!