செல்லாத கையெழுத்து

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட மாமனார் தன் சொந்தக் கையால் எழுதுவது. எழுத்துகள் ஒன்று குட்டையாகவும் ஒன்று நெட்டையாகவும் நிற்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். 'ழ' போடும்போது மட்டும் மூச்சு வாங்குகிறது. நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான்.

எங்கள் சலவைக்கூடத்து மேற்பார்வையாளனை 'விசில்' என்றுதான் சொல்வோம். பெண்கள் குனிந்தால் விசிலடிப்பான். போன வாரம் துணி மடிக்கிற, நாங்கள் 'வாயாடி' என்று கூப்பிடும் பெண்ணின் இடுப்பைப் பிடித்துவிட்டான். அவள் மடித்துக்கொண்டிருந்த விரிப்பாலேயே அவன் முகத்தில் ஒன்று போட்டுவிட்டு, நேரே போய்ப் புகார் கொடுத்தாள், பார்த்தவன் நான் ஒருத்தன்தான், பார்த்த அதிர்ச்சியில் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் தலையணை உறை கருகிவிட்டது. மறுநாளே கம்பெனி புது ஒப்பந்தம் ஒன்றை நீட்டியது, எல்லாரும் தயங்கினார்கள், நான் முந்திக்கொண்டேன், பின்னே என்ன மாப்பிள்ளை, ஆயுள் முழுக்கக் கைநாட்டு வைத்தவனிடம் முதன்முதலாகப் பேனாவைக் கொடுக்கிறார்கள்! கேட்ட இடத்தில் எல்லாம் போட்டேன், கேட்காத ஓர் இடமும் காலியாக இருக்கிறதே என்று அங்கேயும் போட்டேன். அப்புறம்தான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். வேலையிடத்தில் பார்த்ததை யாரிடமும் சொல்ல மாட்டேனாம், சொன்னால் வேலை போகுமாம்.

வாயாடி பிடித்துக்கொண்டாள். "கைநாட்டு வெச்ச காலத்துல நாலு பேரைக் கேட்டுத்தானே வெப்பீங்க பெரியவரே? படிச்சதும் அறிவு கழண்டுடுச்சா? நீங்க சொல்லலைன்னா என்னை யாரு நம்புவா?"

என்னை ஒரு வக்கீலம்மாவிடம் இழுத்துப் போனாள். அந்தம்மா படித்துவிட்டு, "பயப்படாதீங்க. புகாருக்குச் சாட்சி சொல்லக் கூடாதுன்னு எழுதி வாங்கினா அது சட்டப்படி செல்லாது" என்றார். நான் என் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"என்னது, செல்லாதா? சுழி எல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கேன்மா!"

"உங்க கையெழுத்து நல்லாத்தான் இருக்குங்க. அதுக்கு மேல எழுதியிருக்கிறதுதான் செல்லாது."

பிறகு என் வாக்குமூலத்தை எழுதிப் பேனாவை நீட்டினார். இந்தத் தடவை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் போட்டேன்.

வேலை போனால் போகட்டும். உங்கள் வீட்டோடு வந்துவிடுகிறேன், பதற வேண்டாம். மகளுக்கு என் ஆசி, உங்களுக்கு என் வணக்கம். அடுத்த வாரமும் எழுதுவேன். போனில் பேசிக்கொள்ளலாம் என்று நீங்கள் கெஞ்சினாலும் விட மாட்டேன்.

இப்படிக்கு, கைநாட்டு வைக்காத
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: அடுத்த வாரம் உங்களுக்கு எழுத முடியாது. இந்த ஆளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வாக்குமூலத்தில் இருப்பது கள்ளக் கையெழுத்து என்று கம்பெனி, புகாரை விசாரிக்கும் குழுவிடம் சொல்லிவிட்டதாம். "அப்போ ஒப்பந்தத்துல இருக்கறது யாரோடது?" என்று வாயாடி கேட்ட பிறகு குழுவே ஒரு முடிவு சொன்னது. பார்த்தது அத்தனையையும் குழுவின் முன்னால் உட்கார்ந்து என் கையாலேயே நான் எழுதித் தர வேண்டுமாம். எத்தனை பக்கம் போகலாம் என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன்.