சிவகாசியில் ஒரு ராயபுரம்

உலகத்தில் உருப்படியான காரியம் எது நடந்திருந்தாலும் அது முதலில் சென்னை ராயபுரத்தில்தான் நடந்தது என்று நம்பிய மனிதர் ஒருவர் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அவர் ராயபுரத்தில் இல்லை. கடல் வாசனைகூடப் படாத சிவகாசியில் எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். சம்பள நாளில் கேஷியர்கூட, "ராயபுரம், வந்து கையெழுத்துப் போடுங்க" என்றுதான் கூப்பிடுவார். அவரும் எழுந்து போவார்.

விஸ்வநத்தம் போகிற வழியில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியின் விற்பனை ஆபீஸ் அது. முன்னால் கடை, பின்னால் நாங்கள். வெளியூர் ஆர்டர்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. ராயபுரம் லேபிள் பார்க்கிறவர். ஒவ்வொரு சீசனுக்கும் புதிதாக வருகிற பட்டாசுக்குப் பெயர் வைத்து, படம் பிடித்து, அச்சாபீசுக்கு அனுப்ப வேண்டும். அவரிடம் எந்தப் பட்டாசைக் கொடுத்தாலும் அது ராயபுரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். தரைச்சக்கரத்துக்கு 'காசிமேடு சுழல்' என்பார். பூச்சட்டிக்கு 'துறைமுக அலை' என்பார்.

எங்கள் முதலாளி அண்ணாச்சி தலையில் அடித்துக்கொள்வார். "ஏய்யா, வாங்குறவன் சேலத்துலயும் ஈரோட்டுலயும் இருக்கான். அவன் எதுக்குய்யா காசிமேட்டக் கொளுத்தணும்? மயிலு, குயிலுன்னு எதாச்சும் வையும்."

"அண்ணாச்சி, மயிலு எல்லா ஊர்லயும் இருக்கு. காசிமேடு எங்க ஊர்ல மட்டுந்தான் இருக்கு."

கடைசியில், நூலைக் கட்டிவிட்டால் அதன்மேல் சீறிக்கொண்டு ஓடுகிற ரயில் வெடிக்கு மட்டும் 'ராயபுரம் ரயில்' என்று பெயர் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. லேபிளில் தூண்கள் வைத்த ஒரு பழைய ஸ்டேஷன் படம். அந்த லேபிள் அச்சாகி வந்த அன்று ராயபுரம் ஆபீசுக்கே கருப்பட்டி மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். சொந்தப் பிள்ளை பிறந்தபோதுகூட டீயோடு நிறுத்திக்கொண்டவர்.

ஸ்டேஷன் விஷயத்தில் அவரிடம் வாயைக் கொடுத்து நான் பட்டது கொஞ்சமில்லை. ஒருமுறை மதுரையில் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். விருதுநகர் வரைக்கும் வேலையாக வந்தவர், ஸ்டேஷனில் என்னோடு நின்றார். "இதெல்லாம் ஒரு ஸ்டேஷனாலே? தெக்க மொத மொதல்ல ரயிலு கெளம்புனது எங்க ஊர்லேர்ந்து. அப்ப உங்க ஊர்ல மாட்டு வண்டிக்கே மை போட ஆள் கெடையாது" என்று ஆரம்பித்தார். அந்த முதல் ரயில் ஆற்காட்டுப் பக்கம் போய்ச் சேருவதற்குள் என் ரயில் மதுரைக்குப் போய்விட்டது. நிச்சயம் முடித்து ஊர் திரும்பக் கிளம்பிய மாப்பிள்ளை வீட்டார், பெண்ணின் அண்ணனைப் பஸ் ஸ்டாண்டில்தான் முதலில் பார்த்தார்கள்.

துறைமுகம் கட்டுவதற்கு முந்தைய காலத்துக் கதை இன்னும் பிரமாதம். கப்பலெல்லாம் நடுக்கடலில் நிற்குமாம். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகில்தான் ஆட்களைக் கரைக்குக் கொண்டுவர வேண்டுமாம். "கவர்னரா இருந்தாலும் கடைசியில எங்க ஆளுக தோள்ல ஏறித்தான் கரை சேரணும். எறக்கி விடவா வேண்டாமாங்கிறத எங்காளு தீர்மானிப்பான்." ராயபுரம் இதைச் சொல்லும்போது, இரண்டு கவர்னர்களையாவது அவர் சொந்தச் செலவில் தூக்கி வந்தவர் போலத் தோளைத் தடவிக்கொள்வார். படகுக்காரர்களே பணம் போட்டுக் கட்டிய சர்ச் ஒன்று உண்டு என்பார். உடனே எங்கள் போர்மேன் ஞானமுத்து அண்ணன், "எங்க ஊர் சர்ச்சையும் ஜப்பான்காரன் வந்து கட்டலவே, நாங்கதான் கட்டுனோம்" என்று முறைப்பார்.

கோடவுனும் பாதுகாப்பும் ஞானமுத்து அண்ணன் பொறுப்பு. நெருப்பு என்ற சொல்லைக் கேட்டாலே சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிற மனிதர். சீசனுக்கு முன்னால் ஆட்களை வரிசையாக உட்கார வைத்து, தீப்பெட்டி கூடாது, போன் கூடாது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த கூட்டத்தில் ராயபுரம் எழுந்தார்.

"எங்க ஊர்ல பார்சிக்காரங்க கோயில் ஒண்ணு இருக்கு. அங்கன நூறு வருசத்துக்கு மேல ஒரு நெருப்பு அணையாம எரியுது."

கூட்டம் வாயைப் பிளந்தது. ஞானமுத்து அண்ணன் முகம் வெளிறிவிட்டது. "அணையலையா? பக்கத்துல எத்தன வாளி மணல் வச்சிருக்காக?"

"அணைக்கக் கூடாதுண்ணே. அது சாமி."

"சாமியோ பூதமோ, இனிமே இந்தக் கதைய நீரு காம்பவுண்டுக்கு வெளிய போய்ச் சொல்லும்."

சாயங்காலமானால் ராயபுரம் மொட்டை மாடிக்குப் போய், சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிட்டு, கிழக்கே பார்த்து நிற்பார். கடல் காற்று வருகிற நேரமாம். கிழக்கே கடலுக்கு முன்னால் சாத்தூர் இருக்கிறது, அதற்கு முன்னால் பொட்டல் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. வருவது அனல் காற்று. அதையும் கண்ணை மூடி இழுத்து, "ஆகா" என்பார். வீட்டில் இந்த வேலை நடக்காது. அவர் மனைவி சாத்தூரில் டீச்சர். "ராயபுரம்னு ஆரம்பிச்சேன்னா பெஞ்சு மேல ஏத்திருவாக" என்று அவரே சொல்வார். அதனால் வீட்டில் சேர்த்து வைத்ததையும் ஆபீசில் வந்து கொட்டுவார்.

இவ்வளவும் சொன்னவர், நான் அறிய ஒரு தரம்கூட ராயபுரத்துக்குப் போனதில்லை. அங்கிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்ததில்லை. பேச்சும் சுத்தமான சாத்தூர்ப் பேச்சு. ஆகவே ஆபீசில் ஒரு சந்தேகம் பிறந்து, வளர்ந்து, மீசையும் வைத்துவிட்டது. "அந்தாளு பொறந்தது வளந்தது எல்லாம் சாத்தூர்லே. எங்கயோ ஒரு படத்தப் பாத்துட்டு அளந்து விடுதாரு" என்பது ஞானமுத்து அண்ணனின் தீர்ப்பு. நானும் அதில் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தேன். என்றைக்காவது ஒருநாள் நிஜமான ராயபுரத்துக்காரன் ஒருவன் வந்து இவர் குட்டை உடைக்கவேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய பிரார்த்தனை.

பிரார்த்தனை பலித்தது. தீபாவளிக்கு முந்தைய வாரம், வெளியூர் வண்டிகள் பட்டாசு வாங்க வரிசையில் நிற்கிற நேரம். கடை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முன் கண்ணாடியில் பெரிய எழுத்தில் ராயபுரம் என்று இருந்தது. தெருக்காரர்கள் சேர்ந்து சீட்டுப் போட்டு, மொத்தமாக வாங்கிப் போக வந்திருந்தார்கள். ஞானமுத்து அண்ணன் பின்பக்கம் ஓடிவந்தார்.

"ஏலே, வந்துட்டாகலே! ராயபுரத்துக்காரவுகளே வந்துட்டாக! எங்க நம்ம ஆளு?"

நம்ம ஆள் லேபிள் கட்டுகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நான் இன்னிக்கு லீவுன்னு சொல்லிரும்."

"ஏண்ணே, உங்க ஊர்க்காரவுகதான?"

"ஏழு வயசுல அங்கேர்ந்து வந்தவன்யா நான். அப்பாவுக்கு ஹார்பர்ல லாஞ்சு ஓட்டுற வேல. அவரு போனதும் அம்மா பொறந்த ஊரு சாத்தூருக்குக் கூட்டியாந்துட்டா. நான் சொல்றதெல்லாம் ஏழு வயசுப் பய கண்ணுல பாத்தது, அப்பா சொல்லிக் கேட்டது. போய்ப் பாத்து, நான் சொன்ன மாதிரி அங்கன ஒண்ணுமே இல்லேன்னா? அதான் போகவே இல்ல."

அந்த மனிதரிடம் ராயபுரத்தைத் தவிர வேறு சொத்து என்ன இருந்தது? அதைப் போய்ப் பறிக்கச் சொல்லியா இத்தனை நாள் வேண்டிக்கொண்டோம்? கதவருகே நின்றிருந்த ஞானமுத்து அண்ணனுக்கும் எல்லாம் காதில் விழுந்திருந்தது. மெதுவாகக் கதவைச் சாத்தி, "நீரு இங்கனயே இரும். நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்.

அதற்குள் கடையில் ஒரு வெண்கலக் குரல் எழுந்தது. "இன்னாது, ராயபுரம் ரயிலா? எவன்பா இதுக்கு பேர் வச்சவன்?"

கூட்டத்துக்குத் தலைவி தனம்மா. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அண்ணாச்சி பெருமையாக, "அசல் ராயபுரத்துக்காரர் ஒருத்தர் நம்ம கம்பெனியிலயே இருக்காரும்மா. ஏலே, கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார். முதலாளி கூப்பிட்டபின் லீவாவது ஒன்றாவது. ராயபுரம் வெளியே வந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் முன் நிற்பதுபோலத் தலை குனிந்து நின்றார்.

"எந்தத் தெருபா நீ?"

"துடுப்புக்காரர் சந்துங்க."

வேன் டிரைவர் சிரித்தான். "நான் அங்கியே பொறந்து வளந்தவன் சார். அப்டி ஒரு சந்தே கெடையாது."

அப்போது நடந்ததுதான் அதிசயம். எங்கள் கம்பெனி மொத்தமும் பொய்ச்சாட்சி சொல்லக் கிளம்பியது.

"இல்லைங்க, இருக்கு. நான் அந்தச் சந்துக்கே போயிருக்கேன்" என்றேன் நான். எழும்பூருக்கு அந்தப்பக்கம் சென்னையை நான் பார்த்ததே இல்லை.

"இவுக வீட்டுல நான் மீன் கொழம்பு சாப்பிட்டிருக்கேன்" என்றார் ஞானமுத்து அண்ணன். "வாசல்ல நின்னா அல கால நனைக்கும்."

கேஷியர் தன் பங்குக்கு, "அந்தச் சந்துல ரயில் சத்தம் என்னமா கேக்கும்!" என்றார். அண்ணாச்சி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இத்தனை பேரும் எப்போது லீவு போட்டோம் என்று கணக்குப் போடுகிற பார்வை அது.

தனம்மா எங்கள் யாரையும் கவனிக்கவில்லை. ராயபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் பக்கம் திரும்பி, "சொம்மா இர்றா" என்றார். "நீ பொறக்கறதுக்கு முன்னாடி போன சந்துடா அது. சர்ச்சுக்கு அந்தாண்ட, கடலோரமா இருந்தது. எங்க சின்னம்மா வூடும் அங்கதான். கடலு கொஞ்சங்கொஞ்சமா ஏறி வந்து, வூடு வூடா வாரிக்கினு போச்சு. இப்ப அங்க பாறாங்கல்லு கொட்டி வச்சிருக்காங்க. யார் வூட்டுப் புள்ளபா நீ?"

ராயபுரம் தன் அப்பா பெயரைச் சொன்னார். இத்தனை காலத்தில் நாங்கள் கேட்காத பெயர்.

"அடப்பாவி! லாஞ்சுக்காரர் புள்ளையா? உங்கம்மா உன்ன இடுப்புல தூக்கிக்கினு எங்க சின்னம்மா வூட்டாண்டதான்டா குந்திக்கினு இருக்கும்!"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஞானமுத்து அண்ணன் "ஸ்தோத்திரம்" என்று சத்தமாகவே சொன்னார். அண்ணாச்சி எல்லோருக்கும் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார். ஆனால் ராயபுரம் அப்படியே நின்றிருந்தார். அவர் பொய்யர் இல்லை என்று தெரிந்த அதே நிமிஷத்தில் அவருடைய தெரு கடலுக்குள் போயிருந்தது. எங்களுக்கு நல்ல சேதி, அவருக்கு எழவுச் சேதி. இரண்டையும் ஒரே வாய் சொன்னது.

தனம்மாவிடம் பயந்து பயந்து கேட்டார். "ஸ்டேஷன் இருக்காங்க?"

"கீதுபா."

"சர்ச்சு?"

"அது எங்க போவும்? கீது."

"பார்சிக்காரங்க கோயில்ல அந்த நெருப்பு?"

"எரிஞ்சிக்கினேதான் கீது."

"அப்பாடா!" என்றது ஞானமுத்து அண்ணன். ஒரு நெருப்பு அணையாமல் இருப்பதற்காக அவர் சந்தோஷப்பட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒருமுறைதான் இருக்கும்.

தனம்மா கடையில் இருந்த ராயபுரம் ரயில் அத்தனையையும் வாங்கிக்கொண்டார். தீபாவளிக்குத் தங்களோடு வேனிலேயே வந்துவிடச் சொல்லி அவர் கையைப் பிடித்து இழுத்தார். ராயபுரம், சீசன் முடிந்ததும் டீச்சரையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி, வேன் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் வாசலில் நின்றார். அன்று சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போகவில்லை. மறுநாளும் பேச்சில்லை. ஓர் ஆட்டம்பாம் பெட்டிக்கு 'மயில்' என்று பெயர் எழுதி, தலையை நிமிர்த்தாமல் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அண்ணாச்சியே பதறிவிட்டார். "என்னலே மயிலுங்கான்? உடம்புக்கு ஏதும் முடியலையா? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கலே" என்றார்.

அதற்கும் மறுநாள் காலை, நான் டீயை வாயில் வைக்கப் போகிற நேரத்தில் எதிர் மேஜையில் ஒரு கனைப்பு கேட்டது.

"ஏலே தம்பி. உங்க ஊரு தெருவ எதாச்சும் எடுத்திருக்கான்னா, ரோடு போட பஞ்சாயத்துக்காரன் எடுத்திருப்பான். எங்க தெருவ எடுத்தது யாரு தெரியுமா?"

"யாருண்ணே?"

"கடலு! வங்காள விரிகுடா! ஆயிரம் தெரு இருக்கு அதுக்கு. இருந்தாலும் எங்க சந்துதான் வேணும்னு தேடி வந்து எடுத்துட்டுப் போயிருக்கு. சும்மாவா?"

நான் டீயை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மொதல்லேர்ந்து சொல்லுங்கண்ணே" என்றேன்.